டீச்சரைக் கேளுங்க: போனில் பார்ப்பதா, போனால் அளப்பதா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன், "ஸ்மார்ட் போர்டில் மூன்று வருடம் பாடம் எடுத்ததில் எனக்கு மிச்சம் கெட்டுப்போன கையெழுத்துதான்" என்று. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இருக்கிற கம்ப்யூட்டரை எல்லாம் ஏற்காட்டு மலையிலிருந்து உருட்டிவிடச் சொன்னதுபோல பாதிப் பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் "சரியாச் சொன்னீங்க டீச்சர், எல்லாம் இந்த செல்போன் வந்து கெடுத்தது" என்று கை தட்டியிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் நான் ஆள் இல்லை. அதனால் இந்த முறை பதில் எல்லாம் வகுப்பறையில் மெஷின் என்ற அந்த ஒரு விஷயத்துக்கே. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: 1992 முதல் 2024 வரை சேலம் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் டீச்சராக இருந்தவள் நான், அதில் ஆறு வருடம் மலைமேல்.

நீங்கள் முதன்முதலில் வகுப்புக்காகத் தொட்ட மெஷின் எது டீச்சர்? பயமாக இருந்ததா?
— ஒரு வாசகி, குகை

ரோனியோ மெஷின். மாதத் தேர்வுக் கேள்வித்தாளைப் பிரதி எடுக்க. மெழுகுத் தாளில் கூர்முனைப் பேனாவால் கீறி எழுத வேண்டும், தப்பு வந்தால் நகப்பூச்சு வாடை அடிக்கிற சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் மறுபடி கீற வேண்டும். நான் ஒரு தடவை குவிலென்ஸ் படத்தை அழுத்திக் கீறி தாள் கிழிந்துவிட்டது, அந்த ஓட்டை வழியாக மை இறங்கி 120 கேள்வித்தாளிலும் லென்ஸுக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டு. பரீட்சை ஹாலில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், லென்ஸில் ஓட்டை போட்டா பிம்பம் எங்கே விழும்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான், மார்க் தரத்தான் வழியில்லை.

பயந்தது கம்ப்யூட்டருக்கு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது தலைமையாசிரியர் அறையில் வைத்து, பூப்போட்ட துணி போர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். துணி முழுசாக விலகுவது வருடத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்று. அப்படி வைத்திருந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர், போன் எல்லாம் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது. ஏதாவது மாட்டிக்கொண்டால் மொத்த வகுப்பும் சிரிக்கிறது, அவமானமாக இருக்கிறது மேடம்.
— ஓர் ஆசிரியர், ஓமலூர்

தம்பி, 2011 செப்டம்பரில் அரசு லேப்டாப் திட்டம் தொடங்கி, எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கு மெஷின் வந்தபோது எனக்கு மெயில் அனுப்பத் தெரியாது. தமிழில் ஒரு வார்த்தை அடிக்கத் தெரியாது. கடைசி பெஞ்சில் ஒருவன், அம்மா அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர், இவன் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் எனக்குத் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுத்தான். உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். "டீச்சர், 'அம்மா'வுக்குப் புள்ளியைத் தேடாதீங்க. அ, ம, ம, ஆ. நாலே தட்டு. ஒரே எழுத்தை இரண்டு தடவை அடிச்சா முன்னாடி இருக்கிறதுக்குப் புள்ளி தானா விழுந்துடும்." இருபது நிமிடத்தில் கற்றுக்கொண்டேன். நான் அவனுக்கு ஓம் விதியைப் புரியவைக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே பையன் பரீட்சையில் "கம்பியில் வோல்டேஜ் ஓடும்" என்று எழுதினான். ஓடுவது கரண்ட். அங்கே நான் டீச்சர். அவனுக்கு மெஷின் தெரியும், மெஷினுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது, அதற்குத்தானே உங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்? ஒயரைச் சொருகுவதற்கும் புரொஜெக்டரைப் போடுவதற்கும் வகுப்பில் சேட்டை அதிகம் செய்கிற ஒருவனை நியமித்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் "எனக்குத் தெரியலை, நீ வந்து பாரு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். நாலாவது தடவை அது ஒரு விஷயமாகவே இருக்காது.

என் மகள் படிக்கிற தனியார் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸுக்கென்று தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள். அவசியமா?
— ஒரு தாய், ஃபேர்லேண்ட்ஸ்

கட்டணத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாதும்மா. ஆனால் என் கதை ஒன்று சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு புரொஜெக்டர் வந்த புதிதில் எனக்கு ஒரு பித்துப் பிடித்தது. ஒளியியல் பாடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 64 ஸ்லைடு செய்தேன். மெழுகுவர்த்தியிலிருந்து சிவப்புக் கதிர் ஒன்று, நீலக் கதிர் ஒன்று கிளம்பி, ஊர்ந்து வந்து, லென்ஸைத் தொட்டதும் வளைந்து, அந்தப் பக்கம் தலைகீழ் மெழுகுவர்த்தியாக எரியும். ஜன்னலை எல்லாம் சாத்தி, பழைய சேலையைத் திரைச்சீலையாகக் கட்டிப் போட்டுக் காட்டினேன். வகுப்பு கப்சிப். முடிந்ததும் "இன்னொரு தடவை டீச்சர்!" என்று சத்தம். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு இருந்த பெருமிதம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

மறுநாள் கரும்பலகையில் ஒரு லென்ஸ் போட்டு, பொருளை லென்ஸின் குவியப் புள்ளியான எஃப்புக்கும், அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிற டூ எஃப்புக்கும் நடுவில் வைத்து, பிம்பத்தை வரையச் சொன்னேன். முதலில் வந்த பெண் கதிரை லென்ஸைத் தொடுவதற்கு முன்பே வளைத்தாள். அடுத்தவன் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டான். மூன்றாவது வந்தவன் லென்ஸின் மையம் வழியாகப் போகிற கதிரையும் சேர்த்து வளைத்தான், அது நேராகப் போகணும். படத்தை நினைவில் வைத்திருந்தார்கள், மெழுகுவர்த்தி என்ன நிறம் என்று கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

எங்கே தவறு என்று எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. சுண்ணாம்புக்கட்டியால் நான் வரையும்போது ஸ்கேலை வைக்கணும், கோடு இழுக்கணும், நகரணும், தூசி தட்டணும், நடுவில் யாரையாவது அதட்டணும். அந்த நேரத்தில்தான் நாற்பது பேரும் அவரவர் நோட்டில் அதே கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் மெதுவான கைதான் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம். ஸ்லைடு அதைப் பிடுங்கிக்கொண்டது. அந்த 64 ஸ்லைடை 9 ஆகக் குறைத்தேன். ஒவ்வொன்றும் பாதியில் நிற்கும்: கதிர் லென்ஸ் வரைக்கும் வரும், அப்புறம் நான் ஸ்விட்சைத் தொடமாட்டேன். மீதியை நோட்டில் வரைந்து முடித்தவர்கள் கை தூக்கினால்தான் அடுத்த ஸ்லைடு.

ஆகவே உங்கள் மகளின் நோட்டை எடுத்துப் பாருங்கள். அவள் கை வரைந்த படம், அவள் கை அடித்துத் திருத்திய கணக்கு இருக்கிறதா? இருந்தால் அந்தத் திரை என்னவோ வேலை செய்கிறது. "வீடியோ போட்டாங்கம்மா, நல்லா இருந்துச்சு" என்பதோடு நின்றால், போய்க் கேளுங்கள்.

ஆசிரியருக்குப் பதிலாக ரோபோ வந்துவிடுமா?
— ஒரு கல்லூரி மாணவர், அழகாபுரம்

வரட்டும். வெயில் காலத்தில், சாப்பாட்டு மணிக்கு அடுத்த பீரியடில், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு முதலில் அனுப்பிப் பார்க்கலாம்.

2020-ல் நான் பிளஸ் டூ. ஏற்காட்டில் எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. தினம் பாறைமேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டோம். அதனால் ஏதாவது பிரயோஜனம் இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன் மிஸ்.
— ஒரு வாசகர், ஏற்காடு

அந்தப் பாறைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தீர்கள்? நான் பாடம் எடுத்த பிள்ளைகள் அவர்கள் ஊர்ப் பாறையை "டவர் பாறை" என்பார்கள். சாயங்காலம் மாடு ஓட்டிக்கொண்டு போகிற சாக்கில் ஏறுவார்கள், பனி இறங்கிவிட்டால் அதுவும் முடியாது.

2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள், பிளஸ் டூவுக்குத் திறந்தது 2021 ஜனவரி 19. கடைசியில் அந்த வருடம் பொதுத்தேர்வே ரத்து. நடுவில் இருந்த மாதங்களில் நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பியில் போனைக் கட்டி, சுவரில் கறுப்புச் சாயம் அடித்து வீடியோ எடுத்தேன். ஒரு வீடியோ 40 நிமிடம். மலையில் இருந்த யாருக்கும் அது இறங்கவே இல்லை, பாதியில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ஆம் தேதியே தொடங்கியிருந்தது, கரண்டும் கேபிளும் இருந்த வீடுகளுக்கு அது நல்ல துணை. ஆனால் காற்றடித்து ஒரு சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழுந்தால் மலையில் அன்றைக்கு அதுவும் இல்லை.

ஒரு நாள் தொண்டை கட்டியிருந்தது, முகம் காட்டப் பிடிக்கவில்லை, வாட்ஸ்அப்பில் மூன்று நிமிடக் குரல்பதிவு மட்டும் அனுப்பினேன். "நோட்டை எடு. நடுவில் குறுக்காக ஒரு கோடு போடு. கோட்டின் நடுவில் லென்ஸ். லென்ஸிலிருந்து வலது பக்கம் நாலு சென்டிமீட்டரில் ஒரு புள்ளி வை, பெயர் எஃப்." இப்படி. அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் குரலுக்குக் கொஞ்சம் சிக்னல் போதும். அதைவிடப் பெரிய விஷயம், மறுநாள் வந்த நோட்டுப் போட்டோக்களில் கதிர்கள் சரியான இடத்தில் வளைந்திருந்தன. பார்க்க ஒன்றுமே இல்லாததால் வரைந்தார்கள்! முப்பது வருட சர்வீஸில் நான் எடுத்த நல்ல ஒளியியல் வகுப்பு படமே இல்லாத அந்தக் குரல்பதிவுதான், சொன்னால் சிரிப்பீர்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சந்தேகம் கேட்டு அழைப்பு வரும். ஏன் அந்த நேரம் என்றால், போன் அப்பாவுடையது, எஸ்டேட் வேலை முடிந்து அவர் வீடு திரும்பினால்தான் போன் வரும். பின்னால் அப்பா இருமுகிற சத்தமும் கேட்கும். பிரயோஜனமா என்று கேட்டால், மார்க் கணக்கில் என்னால் சொல்ல முடியாது. பாறையில் ஏறிப் படித்த உங்களுக்குச் சிக்னல் இருந்த டவுன் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு வேலை வைத்தோம், அதற்கு எங்களில் யாரும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகன் கட்டுரைகளை எல்லாம் ஏஐயில் எழுதிக்கொண்டு போகிறான். டீச்சரும் "குட்" போட்டு அனுப்புகிறார். என்ன செய்வது?
— ஒரு தந்தை, அம்மாப்பேட்டை

டீச்சர் படிக்காமல் "குட்" போட்டிருந்தால் அது ஏஐ வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற வியாதி. கோனார் நோட்ஸைப் பார்த்து எழுதியதற்கும் "குட்" விழுந்த காலம் உண்டு.

என் தோழி ஒருத்தி தமிழாசிரியை, இன்னும் சர்வீஸில் இருக்கிறாள். "என் பாட்டி" என்று ஒரு கட்டுரை கொடுத்தாள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து தன் வகுப்பில் எல்லாப் பாட்டிகளும் ஒரே பாட்டியாகிவிட்டார்கள் என்பாள் அவள்: வெள்ளிக் கம்பி போன்ற கூந்தல், சாய்வு நாற்காலி, நிலா வெளிச்சத்தில் கதை, "அன்பின் ஊற்று". ஒரு பையன் அப்படித்தான் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். அவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "உங்க வீட்டில் சாய்வு நாற்காலி எங்கே கிடக்குது?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லைங்க மிஸ்." "அப்போ பாட்டி எங்கே உட்காருவாங்க?" "தறிக்குழி திண்டுலங்க மிஸ். கால் மேல வராதுன்னு கீழ தொங்கப் போட்டுக்குவாங்க. தாருல நூல் சுத்திக்கிட்டே பேசுவாங்க, ராட்டை நின்னா பேச்சும் நின்னுடும்." அதையே எழுது என்றிருக்கிறாள். பத்து வரி எழுதினான், நாலு எழுத்துப் பிழை. அவள் எனக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள், இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஒரு பையனோடு அப்படி உட்கார ஏழெட்டு நிமிடம் வேண்டும். ஐம்பது பிள்ளைக்கு ஏழெட்டு நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஆறு மணி நேரம் ஆகிறது. அதனால் அவள் இப்போது வீட்டுப்பாடமாகக் கட்டுரை கொடுப்பதை நிறுத்திவிட்டாள், வகுப்பிலேயே எழுதவைக்கிறாள், சின்னதாக, அரைப் பக்கம். நீங்களும் வீட்டில் மகனிடம் கேட்டுப் பார்க்கலாம்: இதில் எந்த வரி உன்னுடையது? ஒரு வரியாவது காட்டினால் அங்கிருந்து தொடங்குங்கள்.

வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு கால்குலேட்டர் இல்லாமல் ஒரு கணக்கும் வருவதில்லை. வகுப்பில் கால்குலேட்டரை அனுமதிக்கலாமா?
— ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அண்ணா, உங்கள் தொழிலில் இருந்தே பதில் சொல்கிறேன். எனக்கு ஒரு மாணவன் இருந்தான், காலையில் கொலுசுக்குச் சலங்கை வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான், விரல் நுனியெல்லாம் கறுப்பு. "ஒரு கலவையில் வெள்ளி 80 சதவீதம், கலவையின் நிறை 250 கிராம், வெள்ளியின் நிறை காண்க" என்று போர்டில் எழுதினேன். விழித்தான். "ஏண்டா, 80 டச், கால் கிலோ கொலுசு" என்றேன். "இருநூறு கிராம்" என்றான், நான் வாயை மூடுவதற்குள். அவனுக்குக் கணக்கு வரும், அந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் யாரும் சொல்லாதது.

எங்கள் பிளஸ் டூ இயற்பியலில் கால்குலேட்டர் கிடையாது, லாக் புத்தகம்தான், பெருக்கல் வகுத்தலைக் கூட்டல் கழித்தலாக மாற்றித் தருகிற அட்டவணை. பிளாங்க் மாறிலியின் 6.626-ஐ வைத்துப் பெருக்கி வகுக்க, லாக் பார்த்து, கூட்டிக் கழித்து, ஆன்டிலாக் பார்ப்பதற்குள் பிள்ளைகள் என்ன கண்டுபிடிக்க வந்தோம் என்பதையே மறந்துவிடுவார்கள். எனக்கு அந்த லாக் புத்தகத்தின்மேல் பெரிய பக்தி இல்லை. என் வகுப்பில் செய்முறைக்குக் கால்குலேட்டரை விட்டேன், ஒரு நிபந்தனையோடு: பட்டனைத் தொடுவதற்கு முன் குத்துமதிப்பாக விடையை நோட்டில் எழுதணும். "சுமார் 10" என்று எழுதியவனுக்கு மெஷினில் 1043 வந்தால் அவன் தானாகவே நிமிர்ந்து பார்ப்பான். எழுதாதவன் 1043-ஐ அப்படியே காப்பி பண்ணிவிட்டுப் போய்விடுவான்.

என் மகளுக்குப் பார்வை இல்லை. பிளஸ் ஒன் சேர்த்திருக்கிறோம். கம்ப்யூட்டர் உதவுமா?
— ஒரு தாய், சங்ககிரி

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. உதவும், இன்றைக்கே தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று ஒன்று ஏற்கனவே உள்ளேயே இருக்கும், செட்டிங்ஸில் போய் ஆன் செய்தால் திரையில் இருப்பதை வாசிக்கும், தமிழும் வாசிக்கும். கம்ப்யூட்டருக்கு அதே வேலையைச் செய்கிற என்விடிஏ என்ற மென்பொருள், இலவசம். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் 2006-ல் தொடங்கி, பிறகு ஜேம்ஸ் டே என்ற இன்னொரு ஆஸ்திரேலியரும் சேர்ந்து வளர்த்தது, இருவருக்குமே பார்வை கிடையாது. அதனால்தானோ என்னவோ, எது தேவையோ அது சரியாக இருக்கும்.

ஒரு இடத்தில் மாட்டுவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் கொடுக்கிற நோட்ஸ், மாதிரி வினாத்தாள் எல்லாம் பல இடங்களில் இன்னும் பழைய பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். கண்ணுக்கு அது தமிழ். கம்ப்யூட்டருக்கு அது வெறும் ஆங்கில எழுத்து, மேலே தமிழ்ப் படம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். "அம்மா" என்று இருப்பதை அந்த மெஷின் "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்று வாசிக்கும். என் வகுப்பில் பார்வையில்லாத ஒரு பெண் இப்படி ஒரு முழு வினாத்தாளையும் கேட்டுவிட்டு, "டீச்சர், இது எந்த ஊர் பாஷை?" என்று கேட்டாள். அதனால் ஆசிரியர்களிடம் போய், கம்ப்யூட்டருக்கும் தமிழ் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பழைய ஃபைலை மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலை. செய்யமாட்டேன் என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வருகைப்பதிவு ஆப், அந்த ஆப், இந்த ஆப் என்று பாதி நேரம் போன் எங்கள் கையில்தான் இருக்கிறது. வகுப்பு நடந்ததற்குப் போட்டோ வேறு. பிள்ளைகளைப் போன் பார்க்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது?
— ஓர் ஆசிரியை, ஆத்தூர்

சொல்ல முடியாதும்மா, நானும் சொல்லவில்லை. எந்த ஆப் என்று பெயர் வேண்டாம், சர்வர் சுற்றிக்கொண்டிருக்க, முதல் பீரியடில் நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்ற காலை வேளைகள் எத்தனையோ. ஒரு நாள் சோதனைக்கூடத்தில் பிள்ளைகள் ஊசல் ஆட்டிக்கொண்டிருந்தார்கள், போட்டோவுக்காக "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க" என்றேன். முப்பது பேரும் ஊசலை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சோதனை நடந்ததற்கான ஆதாரம் ஏறிவிட்டது. சோதனை நின்றுவிட்டது. பதினெட்டாவது அலைவா இருபதாவதா என்று எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் முறைத்தாள்.

பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பதுதானே சரி? நீங்கள் மட்டும் போனை வைத்துச் சோதனை செய்ததாகப் போன வருடம் எழுதியிருந்தீர்கள். இது என்ன நியாயம்?
— ஒரு தாய், மேட்டூர்

கொண்டுவரக் கூடாது, சரிதான். 2023-ல் யுனெஸ்கோ கல்வி அறிக்கை ஒன்று, போனால் கவனம் சிதறிய பிள்ளை மறுபடி பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று சொன்னது. நம் பீரியடே 40, 45 நிமிடம். ஒரு தடவை பையைத் தடவிப் பார்த்தால் பாதி வகுப்பு போயிற்று. அந்த வருடம் பள்ளியில் ஸ்மார்ட்போனைத் தடுத்திருந்த நாடுகள் நாலில் ஒன்றுகூட இல்லை என்றும் அதிலேயே இருந்தது.

நான் செய்த சோதனையில் இருந்தவை இரண்டே போன்கள், ஒன்று என்னுடையது, இன்னொன்று வேதியியல் சாருடையது. இரண்டிலும் ஃபைஃபாக்ஸ் என்ற ஆப். ஜெர்மனியில் ஆஹன் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்டது, காசு கிடையாது, ஒருமுறை ஏற்றிவிட்டால் சிக்னலும் வேண்டாம். போனுக்குள்ளே இருக்கிற மைக், அழுத்தம் பார்க்கிற சில்லு, அசைவு பார்க்கிற சில்லு இதையெல்லாம் அளவுக்கருவியாக மாற்றித் தரும். எங்கள் சோதனைக்குத் திரையில் வந்தது ஒரு எண்தான், வேறு வேடிக்கை கிடையாது.

மலைப்பள்ளியின் மைதானத்தில் டேப் பிடித்து 20 மீட்டர் அளந்தோம். இந்த முனையில் ஒரு போன், அந்த முனையில் ஒரு போன். இரண்டிலும் ஒலியால் ஓடுகிற கடிகாரம்: முதல் சத்தத்தில் கிளம்பும், அடுத்த சத்தத்தில் நிற்கும். சத்துணவுக் கூடத்துத் தட்டும் கரண்டியும் இரண்டு செட். இந்த முனைப் பையன் ஒரு தட்டுத் தட்டினால் இவன் போன் உடனே ஓடும், அந்த முனைப் போன் சத்தம் போய்ச் சேர்ந்த பிறகு ஓடும். அப்புறம் அந்த முனைப் பெண் தட்டுவாள், அவள் போன் உடனே நிற்கும், இவனுடையது சத்தம் வந்து சேர்ந்த பிறகு நிற்கும். இரண்டு போனும் காட்டுகிற நேரத்தின் வித்தியாசம் என்னவென்று பார்த்தால், சத்தம் 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பிய நேரம். இதைப் புரிந்துகொள்ளவே ஒரு பீரியடு சண்டை. மண்ணில் குச்சியால் கோடு போட்டு, ஒருவன் சத்தமாக நடந்து காட்டி, இன்னொருத்தி "நீ லேட்டு, நீ லேட்டு" என்று கத்தி. நடுவில் ஒரு காக்கா கரைந்து இரண்டு கடிகாரத்தையும் நிறுத்திவிட்டது. காக்காவைத் திட்டிக்கொண்டே மறுபடி.

பத்துத் தடவை செய்து சராசரி எடுத்தோம், 0.117 நொடி. 40 மீட்டரை அதால் வகுத்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 342 மீட்டர். அன்றைக்கு மலையில் 18 டிகிரி. மாற்றலாகிச் சேலம் டவுனுக்கு வந்த பிறகு ஏப்ரல் வெயிலில், 36 டிகிரியில், இங்கிருந்த பிள்ளைகளை வைத்து அதையே செய்தேன், 0.113 வந்தது. சூட்டில் சத்தம் வேகமாகப் போகும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் கூடும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது, பிள்ளைகள் கோடு போட்டு மனப்பாடம் செய்கிற வரி.

மலைப் பிள்ளைகளின் நோட்டுக் காகிதத்தையும் டவுன் பிள்ளைகளின் காகிதத்தையும் போட்டோ எடுத்து மலையில் இருந்த பழைய வகுப்புக்கு அனுப்பினேன். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு, அப்பாவின் போனிலிருந்து, ஒரு பெண் கூப்பிட்டாள்.

"டீச்சர், அப்போ எங்களை இங்கே கூப்பிட்டா டவுனைவிட லேட்டாத்தான் கேட்குமா?"

"ஆமாம் கண்ணு. 20 மீட்டருக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு லேட்டு."

மறுநாள் காலை பிரேயருக்குத் தாமதமாக வந்துவிட்டு, பி.டி. மாஸ்டரிடம் அவள் இதையே காரணமாகச் சொல்லியிருக்கிறாள். அவர் எனக்குப் போன் போட்டுத் திட்டினார்.